வீட்டு சோலார்: எத்தனை கிலோவாட் என்பதிலிருந்து எர்த் குழி வரை, அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

திருச்சி, கரூர், புதுக்கோட்டைப் பக்கம் வீடுகளுக்கு சோலார் போடும் வேலையில் இருக்கிறேன். வீட்டுக்காரர்கள் கேட்கும் சந்தேகங்கள் பெரும்பாலும் ஒன்றே. அவற்றை அவர்கள் கேட்ட விதத்திலேயே இங்கே தொகுத்திருக்கிறேன்.

பேனல் எந்தக் கம்பெனி, இன்வெர்ட்டருக்கு எத்தனை வருட வாரண்டி என்று எல்லோரும் விசாரிக்கிறார்கள். குவொட்டேஷனில் 'எர்த்திங் கிட், 1 செட்' என்று ஒரு வரி இருக்கும், அதைப் பற்றி யாரும் வாய் திறப்பதில்லை. ஏதாவது கோளாறு வந்தபின் வரும் போன்களில் முக்கால்வாசி அந்த ஒரு வரியைப் பற்றித்தான். அதனால் இந்தத் தொகுப்பிலும் எர்த் கேள்விகளே அதிகம்.

1. எங்க வீட்டுக்கு எத்தனை கிலோவாட் போடணும்? மூணு போதுமா, அஞ்சு வேணுமா?

வீட்டின் சதுர அடியை வைத்துச் சொல்ல முடியாது. கரண்ட் பில்லைப் பாருங்கள், ஒரு வருடத்துக்கான ஆறு பில்லையும். நம் ஊர் வெயிலுக்கு 1 கிலோவாட் பேனல் ஒரு நாளைக்குச் சராசரியாக 4 யூனிட் தரும். இரண்டு மாத பில் காலத்துக்கு 240 யூனிட் என்று வைத்துக்கொள்ளலாம். ஐப்பசி, கார்த்திகையில் இது குறையும், மாசி, பங்குனியில் கூடும்.

உங்கள் பில் 600 யூனிட் என்றால் 2 கிலோவாட் அதில் 480-ஐக் கழித்துவிடும், மிச்சம் 120. வீட்டு இணைப்புக்கு முதல் 100 யூனிட் எப்படியும் இலவசம். அதையும் துடைத்தெடுக்க இன்னொரு கிலோவாட் போடுவது வீண் செலவு. கவனிக்க வேண்டிய கோடு 500 யூனிட். அதைத் தாண்டும்போது மேலே உள்ள யூனிட்டுக்கு மட்டுமல்லாமல், கீழே உள்ள சில யூனிட்டுக்குக் கிடைத்த சலுகையும் போய்விடுகிறது. பலருக்கு சோலாரில் கையில் காசு நிற்பது இந்தக் கோட்டுக்குக் கீழே இறங்குவதால்தான்.

ஏ.சி.யோ மின்சார ஸ்கூட்டரோ வாங்கும் எண்ணம் இருந்தால் அதையும் இப்போதே கணக்கில் சேருங்கள். பேனலைப் பிறகு கூட்டிக்கொள்ளலாம் என்பார்கள். இரண்டு வருடம் கழித்து அதே அளவு, அதே வாட் பேனல் கடையில் கிடைக்காது.

2. மாடியில எவ்வளவு இடம் பிடிக்கும்? எந்தப் பக்கம் திருப்பி வைக்கணும்?

ஒரு கிலோவாட்டுக்கு 100 சதுர அடி, நடக்கவும் கழுவவும் வழி விட்டு. இப்போது வரும் 540 வாட் பேனல் கிட்டத்தட்ட 7.5 அடி நீளம், 3.7 அடி அகலம். ஆறு போட்டால் 3 கிலோவாட்டுக்குச் சற்று மேல் வரும்.

தெற்குப் பார்த்து, 10 முதல் 15 டிகிரி சாய்வு. அதற்குக் கீழே படுக்கையாக வைத்தால் மழைத் தண்ணீர் தூசியைக் கழுவிக்கொண்டு போகாமல் கீழ் விளிம்பில் சேறு கட்டும். வாட்டர் டேங்க், மாடிப்படி அறை, பக்கத்து வீட்டுச் சுவர் இவற்றின் நிழலை மார்கழி மாதத்து மாலை வெயிலில் பாருங்கள், அப்போதுதான் நிழல் நீளமாக விழும். சித்திரையில் வந்து பார்த்துவிட்டு நிழலே இல்லை என்று சொல்பவரை நம்ப வேண்டாம்.

ஸ்ட்ரக்சர், அதாவது பேனலைத் தாங்கும் சட்டம், விஷயத்தில் காற்று முக்கியம். கட்டடங்களுக்கான காற்றுச் சுமை விதிப்படி, ஐ.எஸ். 875, சென்னைக்கு அடிப்படைக் காற்று வேகம் நொடிக்கு 50 மீட்டர், அதாவது மணிக்கு 180 கிலோமீட்டர். மதுரைக்கும் கோவைக்கும் 39 மீட்டர்தான். கோவையில் நின்ற ஸ்ட்ரக்சரை அப்படியே நாகப்பட்டினத்தில் நட முடியாது. 2018-ல் கஜா வந்துபோன பகுதிக்காரர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை.

3. சித்திரை வெயில் கொளுத்துது, ஆனா மாசியைவிட யூனிட் கம்மியா வருது. பேனல்ல பழுதா?

பழுதில்லை. பேனலுக்கு வேண்டியது வெளிச்சம், சூடு அதற்கு எதிரி. பேனலில் எழுதியிருக்கும் வாட் 25 டிகிரி செல் வெப்பத்தில் அளந்தது. நம் மாடியில் மதியம் செல் 60 டிகிரியைத் தொடும். ஒவ்வொரு டிகிரிக்கும் 0.3 முதல் 0.4 சதவீதம் குறையும் என்பதால் நூற்றுக்குப் பத்துப் பன்னிரண்டு அங்கேயே போய்விடும். பேனலுக்கு அடியில் காற்று புகும்படி உயர்த்திக் கட்டுவது இதற்காகவும்தான்.

4. கரண்ட் போனா சோலார் ஓடும்ல?

ஆன்கிரிட் இன்வெர்ட்டர், அதாவது பேட்டரி இல்லாமல் ஈ.பி. லைனோடு இணைந்து ஓடுவது, ஓடாது. பட்டப்பகல் வெயிலிலும் நின்றுவிடும். இது வேண்டுமென்றே வைத்த பாதுகாப்பு. ஈ.பி. லைனை ஆஃப் செய்துவிட்டுக் கம்பத்தில் ஏறியிருக்கும் லைன்மேன் கைக்கு உங்கள் மாடியிலிருந்து கரண்ட் போகக் கூடாது.

மின்வெட்டிலும் வேண்டுமென்றால் பேட்டரியோடு ஹைபிரிட் இன்வெர்ட்டர் போட வேண்டும். விலை நன்றாக ஏறும். ஊரில் மின்வெட்டு எப்போதாவது ஒரு மணி நேரம் என்றால், ஏற்கெனவே வீட்டில் இருக்கும் சாதா இன்வெர்ட்டரையும் பேட்டரியையும் அப்படியே வைத்துக்கொண்டு ஆன்கிரிட் போடுவதே என் யோசனை. ஹைபிரிட் போட்டால் எர்த்தில் ஒரு தனிச் சிக்கல் வரும், அது கேள்வி 16-ல்.

5. மானியம் எவ்வளவு? எங்க சாங்ஷன்ட் லோடு 2 கிலோவாட்தான், 3 போட முடியுமா?

2024 பிப்ரவரியில் தொடங்கிய பி.எம். சூர்ய கர் திட்டத்தில் 1 கிலோவாட்டுக்கு 30,000 ரூபாய், 2-க்கு 60,000, 3-க்கும் அதற்கு மேலும் 78,000. மின்வாரிய லைனோடு இணைந்த அமைப்புக்கு மட்டும்தான், பேனலும் இந்தியாவில் செய்த செல் கொண்டதாக இருக்க வேண்டும். அனுமதிக்கப்பட்ட லோடைப் பொறுத்தவரை, 2024-ல் திருத்திய மின் நுகர்வோர் விதிகளின்படி 10 கிலோவாட் வரை தனியாகச் சாத்தியக்கூறு ஆய்வு கிடையாது, லோடை உயர்த்துவதையும் மின் விநியோக நிறுவனமே செய்ய வேண்டும்.

6. வீட்டுக்கு ஏற்கெனவே எர்த் இருக்கே, சோலாருக்குத் தனியா எதுக்கு?

முதலில் அந்தப் பழைய எர்த் உயிரோடு இருக்கிறதா என்று பாருங்கள். இருபது வருடத்துக்கு முன் வீடு கட்டும்போது நட்ட ஜி.ஐ. குழாய், மேலே டைல்ஸ் போட்டு மூடியாயிற்று, எங்கே இருக்கிறது என்று வீட்டுக்காரருக்கே தெரியாது. நம் ஊரில் பெரும்பாலான வீடுகளுக்குக் கம்பத்திலிருந்து வருவது பேஸும் நியூட்ரலும் மட்டுமே. எர்த் உங்கள் வீட்டு மண்ணில் நீங்கள் நட்டதுதான். அது செத்துவிட்டால் வேறு பாதுகாப்பு கிடையாது.

சோலார் வந்தபின் நிலைமை மாறுகிறது. மாடியில் இருபது அடி நீளத்துக்கு வெட்டவெளியில் உலோகம் நிற்கிறது. அதன் முதுகில் 300 வோல்ட் டி.சி. (நேர் மின்னோட்டம்) ஓடுகிறது. பேனல் ஒன்றுக்குத் திறந்த நிலையில் சுமார் 50 வோல்ட், ஆறு பேனல் வரிசையாகக் கோத்தால் 300. இன்ஸுலேஷன் எங்காவது கிழிந்தால் அந்த வோல்ட் ஃபிரேமுக்கு வரும். துணி காயப்போடப் போகிறவர் கை அதில் படும்.

7. மூணு குழி தோண்டச் சொல்றாங்க. காசு பிடுங்கவா?

இல்லை. மானியத் திட்டத்தின் தொழில்நுட்ப விதியிலேயே இருக்கிறது: பேனல் ஃபிரேமும் டி.சி. பக்கமும் ஒன்று, இன்வெர்ட்டரும் ஏ.சி. (வீட்டுக்குப் போகும் மாறு மின்னோட்டம்) பக்கமும் ஒன்று, இடிதாங்கிக்கு ஒன்று. ஒவ்வொன்றின் வேலையும் வேறு. ஆனால் மூன்றும் ஒன்றையொன்று தொடவே கூடாது என்று சிலர் இதைப் புரிந்துகொள்கிறார்கள். அது தவறு, கேள்வி 12-ஐப் பாருங்கள்.

8. உப்பும் கரியும் போட்ட குழி நல்லதா, கெமிக்கல் எர்த்திங் நல்லதா?

புதிதாகப் போடுவதென்றால் செம்பு பூசிய 3 மீட்டர் எஃகு ராடும் பெண்டோனைட் என்ற களிமண் கலவையும். உப்பு முதல் வருடம் நன்றாக வேலை செய்யும். அப்புறம் மழையில் கரைந்து இறங்கிவிடும், இருக்கும்வரை இரும்பையும் தின்னும். பெண்டோனைட் ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும், ராடையும் அரிக்காது.

மண்ணைப் பொறுத்து வேலை மாறும். காவிரிக் கரை வண்டலில் ஒரு ராடே போதும். கரூர், கிருஷ்ணகிரிப் பக்கத்துப் பாறையில் ஐந்து அடிக்குமேல் இறங்காது. உடனே குழியை அகலமாக வெட்டுகிறார்கள். எதிர்ப்பைக் குறைப்பது ஆழம்தான், அகலம் அதிகம் உதவாது. சின்ன போர் மெஷினால் துளை போட்டு ராடை இறக்கிச் சுற்றிலும் கலவை ஊற்றலாம், அல்லது இரண்டு ராடு நட்டு இணைக்கலாம். இரண்டு நட்டால் ராடின் நீளத்தைப்போல் இரண்டு மடங்கு இடைவெளி விடச் சொல்கிறது எர்த்துக்கான விதிநூல் ஐ.எஸ். 3043. பக்கத்துப் பக்கத்தில் நட்டால் இரண்டும் ஒரே மண்ணையே பங்குபோடும்.

'மெயின்டனன்ஸ் தேவையில்லை' என்பதை நம்பிச் சிமென்ட் போட்டு மூடிவிடாதீர்கள். மூடி திறக்கும் சேம்பர் இருக்கட்டும். போர்வெல் குழாயையும் தண்ணீர்க் குழாயையும் எர்த்தாக வைப்பது கூடாது. இப்போது பெரும்பாலும் பி.வி.சி. குழாய், இரும்பாக இருந்தாலும் நடுவில் எவராவது ஒரு துண்டு பிளாஸ்டிக் மாற்றினால் முடிந்தது கதை.

9. எர்த் நல்லா இருக்கான்னு எலக்ட்ரீசியன் பல்பு போட்டுக் காட்டினார், பளிச்னு எரிஞ்சுது. போதும்ல?

போதாது. 100 வாட் குண்டு பல்பு எடுத்துக்கொள்வது அரை ஆம்பியருக்கும் குறைவு, அதன் எதிர்ப்பு 529 ஓம். உங்கள் எர்த் 50 ஓம் என்று மட்டமாக இருந்தாலும் பல்புக்கு 210 வோல்ட் கிடைத்துவிடும். கண்ணுக்கு வித்தியாசமே தெரியாது. எர்த் அடியோடு அறுந்திருக்கிறதா என்பதற்கு மட்டும்தான் பல்பு சாட்சி.

சோலாருக்குக் கேட்பது 5 ஓமுக்குள், இடிதாங்கிக்கு 10 ஓமுக்குள். அதை எர்த் டெஸ்டர் வைத்து அளக்க வேண்டும். ராடிலிருந்து 30 மீட்டர் தள்ளி ஒரு முளை, நடுவில் ஏறக்குறைய 62 சதவீத தூரத்தில் இன்னொரு முளை அடித்து அளப்பது சரியான முறை. தெருவில் அவ்வளவு இடம் கிடைப்பது கஷ்டம், அதனால் சிலர் கிளாம்ப் டெஸ்டரை மாட்டிக் காட்டுவார்கள். பல எர்த் இணைந்து வட்டமாக இருந்தால்தான் அது சரியாகக் காட்டும், தன்னந்தனி ராடை அதனால் அளக்க முடியாது. முடிந்தால் மே மாதத்தில் அளக்கச் சொல்லுங்கள். ஐப்பசி ஈரத்தில் எல்லா எர்த்தும் நல்ல எர்த்தாகவே தெரியும்.

10. 5 ஓம் எர்த் இருந்தா ஷார்ட் ஆனவுடனே எம்.சி.பி. விழுந்துடும்ல? ஆர்.சி.சி.பி. வேற எதுக்கு?

எலக்ட்ரீசியன்களிலேயே பலர் இப்படித்தான் நினைக்கிறார்கள். எம்.சி.பி. அளவுக்கு மேல் கரண்ட் ஓடினால் விழும் ஸ்விட்ச், ஆர்.சி.சி.பி. கரண்ட் எர்த்துக்குக் கசிந்தாலே விழும் ஸ்விட்ச். கணக்குப் போட்டுப் பாருங்கள். பேஸ் ஒயர் கிரைண்டர் உடம்பில் பட்டுவிட்டது. கரண்ட் உங்கள் எர்த் வழியாக மண்ணில் இறங்கி டிரான்ஸ்பார்மர் எர்த் வரை போய்த் திரும்ப வேண்டும். உங்களுடையது 5 ஓம், அங்கே 1 ஓம் என்று வைத்தால் 230-ஐ 6-ஆல் வகுக்க 38 ஆம்பியர். 32 ஆம்பியர் 'சி' வகை எம்.சி.பி. உடனே விழ 160 முதல் 320 ஆம்பியர் வரை தேவை. 38 ஆம்பியருக்கு அது ஒரு மணி நேரமானாலும் விழாமல் நிற்கலாம். அத்தனை நேரமும் கிரைண்டர் உடம்பில் 190 வோல்ட் இருக்கும்.

30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. இருந்தால் கண்ணிமைக்கும் நேரத்தில் விழும், எர்த் 100 ஓமாக இருந்தாலும். உயிரைக் காப்பது ஆர்.சி.சி.பி., அதற்குப் பாதை கொடுப்பது எர்த். அப்படியென்றால் 5 ஓம் எதற்கு என்று கேட்கலாம். இடிக்கும் சர்ஜுக்கும் (ஒயரில் திடீரெனப் பாயும் மிகை வோல்ட்) அது வேண்டும்.

ஆர்.சி.சி.பி.யில் இருக்கும் டெஸ்ட் பட்டனை அழுத்தி அது விழுந்தால் சாதனம் சரியாக இருக்கிறது என்று மட்டும் பொருள். அந்தச் சோதனைக்கு எர்த் தேவையே இல்லை, ஆகவே எர்த் நன்றாக இருக்கிறது என்பதற்கு அது ஆதாரமாகாது. இன்வெர்ட்டருக்குப் போகும் லைனில் எந்த வகை ஆர்.சி.சி.பி. என்பதை இன்வெர்ட்டர் கையேட்டில் பார்த்துப் போடுங்கள். கடையில் மலிவாகக் கிடைக்கும் ஏ.சி. வகை, டி.சி. கலந்த கசிவைக் கண்டுகொள்ளாது.

11. பேனல் இரும்பு ஸ்ட்ரக்சர்மேலதான் உக்காந்திருக்கு. ஸ்ட்ரக்சருக்கு எர்த் கொடுத்தா பேனலுக்கும் வந்துடாதா?

வராது என்றே வைத்துக்கொள்ளுங்கள். அலுமினிய ஃபிரேம்மேல் அனோடைஸ் பூச்சு இருக்கிறது, அது கரண்ட் கடத்தாது. மீட்டர் வைத்து ஃபிரேமின் மேற்பரப்பில் தொட்டுப் பார்த்தால் தெரியும். அந்தப் பூச்சைக் கீறி உள்ளே இறங்கும் பல் வைத்த வாஷர் வேண்டும், அல்லது ஃபிரேமில் எர்த் குறி போட்டிருக்கும் துளையில் லக் (ஒயர் நுனியில் மாட்டும் உலோக முனை) வைத்து முறுக்க வேண்டும். ஒவ்வொரு பேனலுக்கும் தனித்தனியாக. ஒரு பேனலைக் கழற்றினால் அடுத்தவற்றின் எர்த் அறுந்துபோகாதபடி ஜம்பர் (இணைப்பு ஒயர்) இருக்கட்டும்.

வெறும் செம்பு லக்கை அலுமினியத்தில் நேராக வைத்தால் உப்புக்காற்றில் அலுமினியம் வெள்ளைத் தூளாக அரித்துவிடும். வெள்ளீயம் பூசிய லக், துருப்பிடிக்காத எஃகு போல்ட் கேளுங்கள். ஒயர் பச்சை மஞ்சள் கோடு போட்ட செம்பு, 4 அல்லது 6 சதுர மி.மீ.

டி.சி. நெகட்டிவ்வையும் எர்த்தில் சேர்க்கணுமா என்று இதோடு கேட்பார்கள். இப்போது வீட்டுக்கு வரும் டிரான்ஸ்பார்மர் இல்லாத இன்வெர்ட்டரில் பாசிட்டிவ், நெகட்டிவ் எதையும் எர்த்தில் சேர்க்கக் கூடாது. சேர்த்தால் இன்வெர்ட்டர் கிளம்பாது, சில நேரம் வெடிக்கும். எர்த் ஃபிரேமுக்கு மட்டும்.

12. மூணு குழியையும் ஒண்ணா இணைக்கணும்ங்கறார் ஒருத்தர், இணைச்சா இடி வீட்டுக்குள்ள வரும்ங்கறார் இன்னொருத்தர். யார் சொல்றது சரி?

இணைக்கச் சொல்பவர்தான் சரி. இடி பாதுகாப்புக்கான ஐ.இ.சி. 62305 என்ற சர்வதேச விதியும், அதையே ஏற்றுக்கொண்ட இந்திய விதியும் எல்லா எர்த்தையும் சம அழுத்தத்தில் பிணைக்கச் சொல்கின்றன. காரணம் எளிது. சாதாரண இடி ஒன்றில் 30,000 ஆம்பியர் இறங்கும். இடிதாங்கிக் குழி 5 ஓம் என்றால் அந்தக் கணத்தில் அந்த இடம் 1,50,000 வோல்ட் வரை உயரும். பத்தடி தள்ளி இருக்கும் டி.சி. குழி தனியாக இருந்தால் அது கீழேயே நிற்கும். இரண்டுக்கும் நடுவில் உள்ள அந்த வித்தியாசம் மண் வழியாகவோ, சுவர் வழியாகவோ, இன்வெர்ட்டர் உள்ளே பாய்ந்தோ சமனாகும். இணைத்திருந்தால் மூன்றும் சேர்ந்து ஏறி சேர்ந்து இறங்கும். ஆளைக் கொல்வதும் இன்வெர்ட்டரைக் கருக்குவதும் அந்த வித்தியாசம்தான்.

எங்கே இணைப்பது என்பதில்தான் 'இடி வீட்டுக்குள் வரும்' என்ற பயத்தில் கொஞ்சம் நியாயம் இருக்கிறது. மேலே மாடியில் இடிதாங்கிக் கம்பமும் பேனல் ஸ்ட்ரக்சரும் தள்ளி நிற்கட்டும், சின்ன வீட்டுக்கு அரை மீட்டரிலிருந்து ஒரு மீட்டர். இடிதாங்கிப் பட்டை வீட்டின் வெளிச்சுவரில் தனியாக இறங்கட்டும், இன்வெர்ட்டர் பக்கம் போகவே வேண்டாம். கீழே, தரை மட்டத்தில், மூன்று குழிகளையும் ஜி.ஐ. பட்டையால் இணையுங்கள். மாடியில் இடைவெளி விட முடியாத சின்ன வீடென்றால் மேலேயும் கனமான பட்டையால் இணைத்து, அதற்கேற்ற முதல் வகை எஸ்.பி.டி. (சர்ஜை எர்த்துக்குத் திருப்பும் சாதனம், கேள்வி 14) போட வேண்டியிருக்கும்.

'தனித்தனிக் குழி' என்ற திட்ட விதியோடு இது மோதாது. குழி தனித்தனி, இணைப்புப் பட்டை பொது. கழற்றக்கூடிய போல்ட் இணைப்பாக வைத்தால் ஒவ்வொன்றையும் பிரித்து அளந்து காட்டலாம். வீட்டைச் சுற்றி மூன்றடிச் சந்துதான் இருக்கிறது, ஆறு மீட்டர் இடைவெளிக்கு எங்கே போவது என்பவர்களுக்கும் இதுவே வழி. முன் வாசலில் ஒன்று, சந்தில் ஒன்று, பின்னால் ஒன்று, சுற்றிலும் பட்டை.

13. இடிதாங்கி வச்சா அதுவே இடியை இழுத்துட்டு வராதா? பக்கத்துல உயரமா தென்னை மரம் இருக்கே, அது போதாதா?

இடிதாங்கி மேகத்தைக் கூப்பிடாது. எப்படியும் அந்த வீட்டின்மேல் விழப்போவதைத் தான் வாங்கிக்கொண்டு நேராக மண்ணுக்கு அனுப்பும், அவ்வளவுதான். தென்னையை நம்பக் கூடாது. மரத்தில் விழுந்த இடி அருகிலிருக்கும் உலோகத்துக்குக் குறுக்கே தாவும், அந்த உலோகம் உங்கள் பேனலாக இருக்கலாம்.

கம்பத்தைப் பேனலுக்கு வடக்கே நடுங்கள், நிழல் விழாது. சித்திரைத் தொடக்கத்திலிருந்து ஆவணித் தொடக்கம்வரை நம் ஊரில் உச்சிச் சூரியன் வடக்கே சாய்ந்திருக்கும் என்பது உண்மை. ஆனால் அப்போது அது ஏறக்குறைய தலைக்குமேலேயே நிற்பதால் நிழல் மிகக் குட்டை. கீழே இறங்கும் பட்டை 50 சதுர மி.மீ.க்குக் குறையக் கூடாது. 25-க்கு 3 ஜி.ஐ. பட்டை தாராளம். செங்கோணமாக மடிக்கக் கூடாது. மிஞ்சிய ஒயரைச் சுருட்டிக் கட்டிவைத்திருப்பதைப் பல வீடுகளில் பார்க்கலாம், இடி அந்தச் சுருளுக்குள் சுற்றிப் போகாது, குறுக்கே தாவும்.

ஒற்றைக் கம்பம் நூறு மீட்டர் சுற்றளவுக்குக் காக்கும் என்று இ.எஸ்.இ. வகை இடிதாங்கியை விற்கிறார்கள். பிரான்ஸ் நாட்டு விதி ஒன்று அதை ஏற்கிறது, ஐ.இ.சி. 62305 ஏற்கவில்லை. வீட்டுக்குச் சாதாரண முனைக் கம்பி போதும், மிச்சமாகும் பணத்தை எஸ்.பி.டி.யில் போடுங்கள்.

14. இடிதாங்கி இருக்கு, எர்த் இருக்கு. எஸ்.பி.டி. வேற எதுக்கு?

இடி உங்கள் வீட்டில் விழ வேண்டியதில்லை. அடுத்த தெருவில் விழுந்தாலும் மாடியில் நீளமாக ஓடும் டி.சி. ஒயரில் சில ஆயிரம் வோல்ட் தூண்டப்படும். ஈ.பி. லைன் வழியாகவும் வரும். அதை வழியிலேயே எர்த்துக்குத் திருப்புவது எஸ்.பி.டி. டி.சி. பாக்ஸில் ஒன்று, ஏ.சி. பாக்ஸில் ஒன்று.

அதிலிருந்து எர்த் கட்டைக்குப் போகும் ஒயர் அரை மீட்டருக்குள் இருக்க வேண்டும். சர்ஜ் மின்னல் வேகத்தில் ஏறுவதால் ஒயரின் நீளமே தடையாகிவிடும். நான்கு மீட்டர் ஒயர் வைத்தால் எஸ்.பி.டி. இருந்தும் இன்வெர்ட்டர்தான் அடி வாங்கும். அதன் முகப்பிலுள்ள சின்ன ஜன்னல் சிவப்பானால் அது தன் வேலையை முடித்துவிட்டது, மாற்றுங்கள். வாரண்டியில் எஸ்.பி.டி. வராது.

15. மழை பெஞ்ச மறுநாள் காலையில இன்வெர்ட்டர்ல ஐசோ ஃபால்ட்னு வருது, பத்து மணிக்குமேல தானா சரியாகுது. விட்டுடலாமா?

விடக் கூடாது. இன்வெர்ட்டர் தினமும் கிளம்பும் முன் டி.சி. ஒயருக்கும் எர்த்துக்கும் நடுவில் இன்ஸுலேஷன் சரியாக இருக்கிறதா என்று பார்க்கும். ஈரத்தில் எங்கோ கசிகிறது, வெயிலில் காய்ந்ததும் மறைகிறது. கிழிசல் அங்கேயேதான் இருக்கிறது.

பெரும்பாலும் தரையில் தேங்கிய தண்ணீரில் கிடக்கும் எம்.சி.4 கனெக்டர் (பேனல் ஒயர்களைக் கோக்கும் பிளக்), ஸ்ட்ரக்சரின் கூர் விளிம்பில் உரசிய ஒயர், இல்லாவிட்டால் அணில் வேலை. ஒயர்களைத் தரையிலிருந்து தூக்கிக் கட்டுங்கள். ஒரு கம்பெனி ஆண் கனெக்டரை வேறு கம்பெனி பெண் கனெக்டரில் மாட்டியிருந்தால் மாற்றச் சொல்லுங்கள், பொருந்துவதுபோலத் தெரிந்தாலும் உள்ளே சூடேறும். டி.சி.யில் பொறி கிளம்பினால் லேசில் அணையாது. ஏ.சி. நொடிக்கு நூறு முறை பூஜ்யத்தைத் தொட்டுப் போவதால் பொறி அணைய வாய்ப்புண்டு, டி.சி.க்கு அது இல்லை. டி.சி. பக்கம் ஏ.சி. எம்.சி.பி. போடக் கூடாது என்பதும் இதனால்தான்.

16. ஹைபிரிட் போட்டிருக்கோம். கரண்ட் போய் பேட்டரியில ஓடறப்ப டெஸ்டர் வச்சா பிளக்கோட ரெண்டு ஓட்டையிலயும் எரியுது! ஷார்ட்டா?

ஷார்ட் இல்லை, ஆனால் நல்ல சேதியும் இல்லை. ஈ.பி. கரண்ட் இருக்கும்போது நியூட்ரல் டிரான்ஸ்பார்மரில் எர்த் ஆகியிருக்கிறது, அதனால் அதில் டெஸ்டர் எரியாது. மின்வெட்டில் ஹைபிரிட் இன்வெர்ட்டர் ஈ.பி. லைனிலிருந்து முழுதாகப் பிரிந்துகொள்கிறது. இப்போது நியூட்ரல் எந்த மண்ணோடும் சேராமல் மிதக்கிறது. இரண்டு ஒயரும் எர்த்துக்கு எதிராக ஆளுக்குப் பாதியாக நூற்றுச் சொச்சம் வோல்ட் காட்டும்.

ஆபத்து என்னவென்றால் கேள்வி 10-ல் உயிர் காக்கும் என்று சொன்ன ஆர்.சி.சி.பி. இந்த நிலையில் வேலை செய்யாது. கசியும் கரண்ட் மண் வழியாக இன்வெர்ட்டருக்குத் திரும்ப வழியில்லையே. டெஸ்ட் பட்டன் மட்டும் வழக்கம்போல வேலை செய்து ஏமாற்றும். தீர்வு, பேட்டரியில் ஓடும்போது மட்டும் இன்வெர்ட்டர் அவுட்புட் நியூட்ரலை எர்த்தோடு சேர்த்து, ஈ.பி. வந்ததும் பிரிக்கும் ரிலே. சில இன்வெர்ட்டரில் உள்ளேயே இருக்கிறது, செட்டிங்கில் இயக்க வேண்டும். சிலவற்றுக்கு வெளியே போட வேண்டும். கையேட்டில் நியூட்ரல் எர்த் பாண்டிங் என்ற பகுதியைப் படிக்காமல் எவரும் அதில் கை வைக்கக் கூடாது.

17. அதுக்கு ரிலே எதுக்கு? நியூட்ரலையும் எர்த்தையும் நிரந்தரமா முறுக்கி விட்டுட்டா வேலை முடிஞ்சுதே?

இதைச் செய்து வைத்திருக்கும் வீடுகள் உண்டு, எர்த் குழி வெட்டச் சோம்பேறித்தனப்பட்டு. கம்பத்தில் நியூட்ரல் ஒயர் ஒரு நாள் அறுந்தால் ஃபிரிட்ஜ், வாஷிங் மெஷின், மாடிப் பேனல் ஃபிரேம் எல்லாவற்றின் உடம்பிலும் பேஸ் வந்து நிற்கும். எர்த் குழியும் இருந்து, இரண்டையும் சேர்த்தும் வைத்திருந்தால், தெருவில் நியூட்ரல் அறுந்தபோது மற்ற வீடுகளின் கரண்டும் உங்கள் குழி வழியாகத் திரும்பப் பார்க்கும். குழிக்குப் போகும் ஒயர் சூடேறி உருகும். ஆர்.சி.சி.பி.க்குப் பின்னால் சேர்த்திருந்தால் அது நிற்கவே நிற்காமல் விழுந்துகொண்டே இருக்கும், கடைசியில் எரிச்சலில் யாராவது ஆர்.சி.சி.பி.யைக் கழற்றி எறிவார்கள்.

18. வருஷா வருஷம் என்ன பார்க்கணும்?

மே மாதத்தில் எர்த் ஓம் அளந்து சேம்பர் மூடியில் பெயின்டால் எழுதிவையுங்கள். போன வருடத்தைவிடத் திடீரென ஏறியிருந்தால் எங்கோ இணைப்பு துருப்பிடித்திருக்கிறது. ஐப்பசி மழைக்கு முன் எஸ்.பி.டி. ஜன்னல், ஃபிரேம் எர்த் போல்ட்டுகள், ஒயர் தொங்கல் மூன்றையும் பாருங்கள். ஆர்.சி.சி.பி. டெஸ்ட் பட்டன் மூன்று மாதத்துக்கு ஒருமுறை. பேனலை வெயில் ஏறுமுன் கழுவுங்கள், உப்பான போர் தண்ணீர் என்றால் வெள்ளைக் கறை காயாமல் துடைத்துவிட வேண்டும்.

19. வீட்டுக்குள்ள வெள்ளம் வந்தா, இல்ல தீப்பிடிச்சா, மெயினை ஆஃப் பண்ணிட்டாப் போதும்ல?

மெயினை ஆஃப் செய்தால் ஏ.சி. பக்கம் நிற்கும். டி.சி. ஐசொலேட்டரையும் (டி.சி. லைனைத் துண்டிக்கும் ஸ்விட்ச்) ஆஃப் செய்தால் இன்வெர்ட்டருக்கு வருவது நிற்கும். ஆனால் பேனலிலிருந்து அந்த ஐசொலேட்டர் வரையுள்ள ஒயரில் வெளிச்சம் இருக்கும்வரை அந்த 300 வோல்ட் இருந்துகொண்டேதான் இருக்கும். பேனலுக்கு ஸ்விட்ச் கிடையாது. அதனால் ஐசொலேட்டரை மாடியிலேயே, பேனலுக்குப் பக்கத்தில் வைப்பது நல்லது. அப்போதுதான் வீட்டுக்குள் இறங்கும் ஒயர் முழுவதும் செத்துப்போகும்.

தாழ்வான பகுதியில் வீடு என்றால் இன்வெர்ட்டரைத் தரைத்தளத்து மீட்டர் பெட்டிக்குப் பக்கத்தில் மாட்டவிடாதீர்கள், மாடிப்படி அறையில் மாட்டச் சொல்லுங்கள். தண்ணீரில் முழுகிய இன்வெர்ட்டரை வெயிலில் காயவைத்து ஆன் செய்து பார்க்க வேண்டாம். தீயணைப்பு வீரர்கள் வந்தால் மாடியில் சோலார் இருக்கிறது என்பதையும், எந்த ஒயர் இன்னும் உயிரோடு இருக்கிறது என்பதையும் முதலில் சொல்லுங்கள். மெயின் போர்டு கதவில் 'மாடியில் சோலார் உள்ளது, டி.சி. ஸ்விட்ச் இந்த இடத்தில்' என்று ஒரு ஸ்டிக்கர் ஒட்டிவைத்தால், நீங்கள் வீட்டில் இல்லாத நேரத்திலும் அவர்களுக்குத் தெரியும்.